ஆள் அனுப்பினால் மட்டும் போதாது

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, கூடப் படித்த தோழியோடு சேர்ந்து திருச்சியில் ஹோம் நர்சிங் ஏஜென்சி தொடங்கப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். போட்ட பணம் திரும்பி வருமா என்பது அவன் கவலை. எனக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. ஸ்ரீரங்கத்திலும் தில்லை நகரிலும் திருவெறும்பூர்ப் பக்கத்திலும் பிள்ளைகள் சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனை என்று உனக்கே தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைத் தொட்டவர்கள். 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆள் கேட்டு போன் வந்துகொண்டேதான் இருக்கும். நான் கேட்க நினைப்பது வேறு. நீ அனுப்பிய பெண் ஒரு வீட்டுக்குள் போய், கதவும் சாத்தியாகிவிட்டது. அதன் பிறகு உள்ளே நடப்பது உனக்கு எப்படித் தெரியவரும்?

வார்டில் வேலை பார்த்தவள் நீ. அங்கே ஒரு நர்ஸ் தவறான மருந்தை எடுத்தால் பக்கத்தில் நிற்பவள் கையைப் பிடிப்பாள். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். டூட்டி மாறும்போது அடுத்தவள் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துத்தான் பொறுப்பை வாங்கிக்கொள்கிறாள். சிஸ்டர் இன்சார்ஜ் கண் எப்போதும் ஒரு சுற்று சுற்றி வரும். ஒரு சாதாரண நர்ஸ்கூட அங்கே நன்றாக வேலை செய்துவிடுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். வீட்டில் இதில் ஒன்றும் கிடையாது. ஒரு நோயாளி, ஒரு பெண், சாத்திய கதவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஏஜென்சி என்று ஒன்று வேண்டியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? போன் வருகிறது, அட்வான்ஸ் வாங்குகிறார்கள், ஆதார் நகலோடு ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார்கள். அடுத்த போன் அடுத்த மாதப் பணத்துக்குத்தான். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு ஏஜென்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்தத் தொழில் தொடங்கியபோது இப்படி இல்லை. 1859-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக் கிடந்த தன் மனைவியைப் பார்த்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற நர்ஸை வீட்டுக்கு அழைத்தார். மனைவி இறந்த பிறகு அதே நர்ஸை ஊரிலுள்ள ஏழை வீடுகளுக்கு அனுப்பினார். அது பெருகியபோது நகரத்தை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கொரு மேற்பார்வையாளரையும் வைத்தார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் யோசனையைக் கேட்டு, நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பள்ளியும் 1862-ல் அங்கே வந்துவிட்டது. வீட்டுக்கு நர்ஸை அனுப்பினால், பின்னாலேயே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளைப் பதிவு செய்ய வேண்டும், தரம் நிர்ணயிக்க வேண்டும் என்று ஒரு முயற்சி நடந்தது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் இருந்தன. அந்த மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. ஆகவே உன்னிடம் வந்து நோட்டைக் கேட்டுப் புரட்டிப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் என்று ஒருவரை எதிர்பார்க்காதே. நீயே வைத்துக்கொள்கிற ஒழுங்குதான் உனக்குச் சட்டம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தவர். மகன் வெளிநாட்டில். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பெண் அதற்கு முன்பே அவருக்கு முகம் துடைத்து, சவரம் செய்து, தலை வாரி, திருமண் இட்டு வைத்துவிடுவாள். முகம் பளிச்சென்று இருந்தது. நான் அவரைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். டயப்பரைத் தளர்த்தியபோதே வாடை அடித்தது. வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நடுவே கருத்துப்போன தசை. வலது குதிகாலில் இன்னொன்று தொடங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது பெண் அவள். முதலாமவளும் இரண்டாமவளும் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. "ஏர் பெட் போட்டிருக்கு, பயமில்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்கம்மா" என்றாள். ஏர் பெட்டின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் கழன்று கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ஏஜென்சியிலிருந்து ஒருவர்கூட ஒருநாளும் அந்தப் படியேறி வந்ததில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததை அவள் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். மகனுக்குத் தெரிந்தது முகம் மட்டும். முதுகைப் பார்க்க வேண்டியவர்கள் ஏஜென்சிக்காரர்கள்.

அதனால் படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். ஏஜென்சி எப்படிப்பட்டது என்பதை நோயாளியின் முதுகு காட்டிக் கொடுத்துவிடும். ஒரே இடத்தில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கிக் கிடந்தால் ரத்த ஓட்டம் நின்று தசை அழுகத் தொடங்குகிறது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இரவிலும். முழுதாகப் பக்கவாட்டில் நிறுத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பு எலும்பும் தப்பும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிறுத்த வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. வளையம் போன்ற காற்றுத் தலையணையை வாங்கிப் போடுவார்கள், அதுவும் வேண்டாம். சுற்றியுள்ள இடத்தை அழுத்தி, நடுவில் போகிற ரத்தத்தையும் குறைத்துவிடும். புத்தகங்களில் சிவப்பைப் பார் என்று எழுதியிருக்கும். நம் நிறத்துத் தோலில் சிவப்பு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடு: பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று. பிரேடன் அளவுகோலை நீ கல்லூரியில் படித்திருப்பாய். ஆறு தலைப்பு, மொத்தம் 23 மதிப்பெண். 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து. முதல் நாளே அதைப் போட்டு எழுதி வை. பரீட்சைக்குப் படித்ததைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது.

முதல் நாள் என்றேன். ஒரு வீட்டிலிருந்து போன் வந்தால், ஆளை அனுப்புவதற்கு முன் நீயோ உன் தோழியோ நேரில் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதே. "நாளைக்கே டிஸ்சார்ஜ், இன்னைக்கே ஆள் வேணும்" என்று அவசரப்படுத்துவார்கள். அப்படியானால் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார். அமெரிக்காவில் மெடிகேர் திட்டத்தில் சேர்ந்த ஏஜென்சிகள், மருத்துவர் வேறு தேதி குறிக்காதபட்சத்தில், நோயாளி வீடு திரும்பிய 48 மணி நேரத்துக்குள் முதல் முறை போய்ப் பார்த்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நோயாளியால் நடக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட முடிகிறதா என்று ஒரு படிவத்தில் எழுதுகிறார்கள். சேவை முடியும்போது மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஏஜென்சியின் தரத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். 2023 முதல் நாடு முழுக்க அளக்கிற தரத்தோடு, மெடிகேர் கொடுக்கும் பணத்தையே இணைத்துவிட்டார்கள். அவர்கள் முறையிலும் குறைகள் உண்டு. எண்ணைக் காட்டுவதற்காகச் சிரமமான நோயாளிகளைத் தவிர்க்கிற ஆசை வரும். ஆனால் வந்த அன்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று எழுதி வைக்கிற பழக்கத்தை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் நாள் போகும்போது வீட்டிலுள்ள மருந்து அத்தனையையும் ஒரு துண்டின் மேல் கொட்டச் சொல். பழைய சீட்டு, புதுச் சீட்டு, பக்கத்து மெடிக்கலில் கேட்டு வாங்கியது எல்லாம் வரும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டப்பாவில் இருக்கும்; இரண்டையும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் நிறுத்திய மாத்திரை வீட்டில் தொடர்ந்துகொண்டிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார். சந்தேகம் வந்தால் அந்த டாக்டருக்கே போன் செய். நீயாக எதையும் நிறுத்தாதே. பிறகு குளியலறைக்குப் போய் நில். தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, ராத்திரி கட்டிலிலிருந்து அங்கே போகிற வழியில் வெளிச்சம் உண்டா என்று பார். வீட்டில் நோயாளி விழுவது பல நேரம் அந்த வழியில்தான். அந்தப் பெண் எங்கே படுக்கப் போகிறாள் என்பதையும் அன்றைக்கே பார்த்துக் கேள். சமையலறை மூலையைக் காட்டினால் அங்கேயே பேசித் தீர்த்துவிடு.

இன்சுலினைத் தனியாகச் சொல்கிறேன், பயந்து சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் 40 யூனிட் குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் இன்சுலினும் கிடைக்கிறது. 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. கடைப் பையன் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். 20 யூனிட் போட வேண்டியவருக்கு, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அன்று இரவு அவர் தூக்கத்திலேயே மயங்கிப் போகலாம். தலைகீழாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் டாக்டர் மருந்தைக் கூட்டுவார். குப்பியையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, ஒவ்வொருத்தியையும் உன் கண் முன்னால் இழுத்துக் காட்டச் சொல். "தெரியும் மேடம்" என்று சொன்னால் விட்டுவிடாதே. சர்க்கரை 70-க்குக் கீழே போனால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை ஃபிரிட்ஜ் கதவிலேயே எழுதி ஒட்டு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுது.

மூக்குக் குழாயில் ஊட்டுவது, சிறுநீர்ப் பையைக் கையாளுவது இரண்டையும் நீ நன்றாகவே சொல்லிக்கொடுப்பாய். தலைப்பக்கத்தை உயர்த்தாமல் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும் என்பதும், யூரோ பேக்கை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும் என்பதும் உனக்குத் தெரியாததல்ல. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். குழாயில் சாப்பிடுகிறவருக்கும் வாய் இருக்கிறது. வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்கி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வாயில் சேர்கிற கிருமி எச்சிலோடு உள்ளே இறங்கி நிமோனியாவாகிறது. தினம் இரண்டு வேளை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட வேண்டும். அதோடு, மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்துக் குழாயில் போடக் கூடாது. சீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மாற்று கேள்.

அடுத்து, ஆட்களைப் பற்றி. மூன்று மாதப் பயிற்சி முடித்த பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி "நர்ஸ்" என்று அனுப்புகிறார்கள். அது பொய். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருந்தால்தான் நர்ஸ். மற்றவர்கள் உதவியாளர்கள். உதவியாளர் வேலை ஒன்றும் தாழ்ந்ததில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, பேச்சுத் துணையாக இருப்பது எல்லாம் அவர்கள் செய்வதுதான். நோயாளியின் பொழுதில் முக்கால்வாசி அவர்கள் கையில்தான். ஆனால் ஊசி போடுவதையும் தொண்டையில் துளையிட்டவருக்குச் சளி உறிஞ்சுவதையும் அவர்களிடம் விடக் கூடாது. எந்த வீட்டுக்கு யார் தேவை என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல். நர்ஸுக்குப் பணம் கூட ஆகும், உதவியாளரே போதும் என்று அடம்பிடித்தாலும், அந்த நோயாளிக்கு அது போதாது என்றால் கேஸை எடுக்காதே. வெண்டிலேட்டரோடு வீட்டுக்கு வருகிறவரை எடுக்க உன் ஏஜென்சிக்கு இப்போது தகுதி இல்லை. வேறு நல்ல இடம் தெரிந்தால் சொல்லி அனுப்பு.

24 மணி நேர டூட்டி என்ற சொல்லை உன் விளம்பரத்தில் போடாதே. இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்று மேலே எழுதினேன். அதே பெண் பகல் முழுக்கவும் வேலை பார்த்தால் எப்போது தூங்குவாள்? ராத்திரி மூன்று மணிக்கு அவள் எழுந்திருக்க மாட்டாள், எழுந்தாலும் கைதவறும். ராத்திரி வேலை உள்ள வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேருக்கு வசதியில்லாத வீடு என்றால், ராத்திரி இரண்டு முறை வீட்டார் எழுந்து புரட்டுவதாக ஒப்புக்கொள்ளட்டும். யார் எந்த நேரத்தில் என்று எழுதிக்கொள். கூடவே தங்குகிற பெண்ணுக்கு வாரத்தில் ஒருநாள் விடுப்பும், அந்த நாளுக்கு ரிலீவரும் கட்டாயம். ரிலீவரை முதல் தடவை அந்தப் பெண் இருக்கும்போதே அனுப்பி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளச் செய்.

ஒரு தந்திரம் இந்தத் தொழிலில் உண்டு; யாராவது உனக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரே பெண் ஒரு வீட்டில் நெடுநாள் இருந்தால் வீட்டார் ஏஜென்சியை வெட்டிவிட்டு நேரடியாக அவளை வைத்துக்கொள்வார்கள், ஆகவே அடிக்கடி ஆளை மாற்று என்பார்கள். கேட்காதே. மறதி நோய் வந்த ஒரு பாட்டிக்குப் புது முகம் என்றாலே பயம். யார் இவள், ஏன் என் சேலையை அவிழ்க்கிறாள் என்று கத்துவாள், அடிப்பாள். அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், குளிக்கப் போவதற்கு முன் காபி கொடுத்தால் அடங்குவாள் என்பதெல்லாம் ஒரு பெண் மாதக்கணக்கில் தெரிந்துகொண்டது. ஆளை மாற்றினால் அத்தனையும் போய்விடும். ஆள் ஓடிவிடாமல் இருக்க வேறு வழி இருக்கிறது. வீட்டார் கொடுப்பது எவ்வளவு, அதில் அவளுக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று மூன்று பேருக்கும் தெரியட்டும். பத்துப் பேரைத் தொட்டதும் இ.எஸ்.ஐ. கட்டு. அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பார்க்கிற இடமாக உன் ஏஜென்சி இருந்தால், தனியாகப் போக அவள் இரண்டு முறை யோசிப்பாள். சிலர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காரியத்தை மட்டும் செய்யவே செய்யாதே. சரிபார்த்து நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடு.

இன்னொரு கேள்வி போனில் வரும். சுற்றி வளைத்து வரும். "நல்ல குடும்பத்துப் பொண்ணா பாருங்க", "நம்மாளுங்களா இருந்தா தேவலை" என்பார்கள். சாதியைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லாதே, சொல்ல மாட்டோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுது. தனி டம்ளர், தனித் தட்டு, பின்வாசல் என்று நடத்துகிற வீட்டிலிருந்து ஆளைத் திரும்ப அழைத்துக்கொள். அன்று வருமானம் போகும், போகட்டும். காலையில் தனி டம்ளரில் காபி கொடுத்த வீட்டில், அதே கையால் அப்பாவுக்கு மலம் துடைத்துவிடச் சொல்கிறார்களே, அதை ஏற்றுக்கொண்டு நீ எந்த முகத்தோடு அவளிடம் நல்ல பராமரிப்பு கேட்பாய்? அதேபோல வீட்டு ஆண்களின் தொல்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். பத்துப் பேர் வேலை செய்தால் உள் புகார்க் குழு அமைக்க வேண்டியது உன் கடமை. புகார் சொன்ன பெண்ணை அன்றே வெளியே எடு. விசாரணையை அதன் பிறகு வைத்துக்கொள். அவளுடைய போனை வீட்டார் வாங்கி வைக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் உன்னிடம் சேர்வார்கள். அவர்களுக்கு இங்கே போனைத் தவிர வேறு துணை இல்லை. அவர்களுக்கு வலி, பசி, மூச்சு, மயக்கம், மலம், சிறுநீர் என்று அன்றாடத் தமிழைச் சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டுக்கு அனுப்பு. பேச்சு குழறுகிற நோயாளிக்கும் தமிழ் தெரியாத பெண்ணுக்கும் நடுவே ஒரு நெஞ்சுவலி காணாமல் போய்விடும்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலருகே ஒரு நோட்டு இருக்க வேண்டும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர், சிறுநீர் எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டியது, பி.பி., சர்க்கரை, புதிதாக என்ன பார்த்தாள். எழுத்துப் பிழை பார்க்காதே. அவளவள் மொழியிலேயே எழுதட்டும். படிக்கத் தெரிந்த ஒருத்தியை நீ தேடிக்கொள். இன்றைக்கு இதற்கெல்லாம் ஆப் இருக்கிறது. வைத்துக்கொள், தவறில்லை. ஆனால் கட்டிலருகே இருக்கிற நோட்டை 108-ல் வருகிறவரும் எடுத்துப் படிக்கலாம், நள்ளிரவில் வருகிற ரிலீவரும் படிக்கலாம். எட்டு வேளையும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் அது சாயங்காலம் மொத்தமாக எழுதியது என்று உனக்குப் பார்த்த உடனே தெரியவேண்டும்.

நேரில் போகாமல் எதுவும் தெரியாது. சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு முறையாவது, பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது, பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். சொல்லாமல் போக வேண்டும். சில தடவை ராத்திரியில். போனதும் நோயாளியைப் புரட்டி முதுகைப் பார்க்க வேண்டும். வீட்டாரை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும், அவளை அனுப்பிவிட்டு நோயாளியிடம் பேச வேண்டும். நோயாளியை யாராவது அடித்தால், கட்டிப்போட்டால், பட்டினி போட்டால், அது அந்தப் பெண்ணாக இருந்தாலும் பெற்ற பிள்ளையாக இருந்தாலும், மூடி மறைக்காதே. முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது. வீட்டுச் சுவரில் அதையும் ஒட்டு.

மாதம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார். வரவுசெலவுக் கணக்கைச் சொல்லவில்லை. உன் பராமரிப்பில் இருக்கும்போது புதிதாகப் புண் வந்தவர்கள் எத்தனை பேர், விழுந்தவர்கள் எத்தனை பேர், திடீரென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை பேர், ஆள் வராமல் போன ஷிஃப்ட் எத்தனை. ஒவ்வொன்றையும் எடுத்து ஏன் நடந்தது என்று அந்தப் பெண்களையும் உட்காரவைத்துப் பேசு. திட்டினால் அடுத்த மாதம் யாரும் விழமாட்டார்கள். அதாவது, விழுந்ததை உன்னிடம் சொல்ல மாட்டார்கள். விழுந்ததை முதலில் சொன்னவளைப் பாராட்டு.

வீட்டாரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. குற்ற உணர்ச்சியோடு இருப்பவர்கள் கோபமாகப் பேசுவார்கள். வெளிநாட்டிலிருந்து போன் செய்கிற மகன் எல்லோரையும்விட அதிகமாகக் கத்துவான். பொறுத்துக்கொள், ஆனால் உண்மையைச் சொல். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு "அப்பா எழுந்து நடப்பாரா?" என்று கேட்பார்கள். நடக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தால், வலியில்லாமல், புண்ணில்லாமல், சுத்தமாக வைத்திருப்போம் என்று சொல். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம் கேரளத்துக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்தது. அங்கே ஊர்க்காரர்களே தொண்டர்களாக வீடுகளுக்குப் போனார்கள். 2008-ல் அந்த மாநிலம் இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. முடிந்தால் ஒருமுறை கோழிக்கோட்டுக்குப் போய் அவர்கள் வீடுகளுக்குப் போகும்போது கூடவே போய்ப் பார்த்துவிட்டு வா.

பணம் கொடுக்க முடியாதவர்களும் உன் கதவைத் தட்டுவார்கள். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பிசியோதெரபிக்கும் வலி நிவாரணப் பராமரிப்புக்கும் ஆள் வருகிறார்கள். உன் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள் என்று போய்த் தெரிந்துகொள். திருப்பி அனுப்புகிற ஒவ்வொருவரிடமும் அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடு.

ஆடி கழிந்து ஆவணியில் அலுவலகம் திறப்பதாக உன் அப்பா சொன்னான். பெயர்ப் பலகைக்கும் ஸ்கூட்டருக்கும் எவ்வளவு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்களாம். பயிற்சிக்கு ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு பொம்மை நோயாளி என்று முதலில் அதற்குப் பணம் ஒதுக்கு. முதல் ஆறு மாதம் பத்து வீடுகளுக்கு மேல் எடுக்காதே. உன்னால் வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க முடிகிற எண்ணிக்கை அதுதான். பதினோராவது வீட்டுக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும், இரண்டு மடங்கு பணம் தருகிறேன் என்றாலும், இடமில்லை என்று சொல். பயிற்சி வகுப்பு எடுக்க நான் வருகிறேன். கட்டிலும் தலையணையும் தயாராக இருக்கட்டும், தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
அத்தை